கண்ணாடியில் சந்தனம்

யஹ்யாவுக்கு அந்த மெசினோடு இருந்த வேலையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் மூன்றுதான். காலையில் டீசல் ஊற்றுவான். வயலின் ஒரு கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் அதைத் திருப்பி விடுவான். ஒவ்வொரு தடவை ஓட விடுவதற்கு முன்னாலும் அதன் மூக்கில் இருந்த வட்டக் கண்ணாடியைத் துணியால் துடைப்பான். பதினாறு வருஷம் புல்டோசரும் உழவு மெசினும் ஓட்டின ஆம்பிளைக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நீங்கள் கேட்டால், அவனும் முதலில் அப்படித்தான் கேட்டான்.

கனகராயன்குளத்திலிருந்து மேற்கே ஐந்து கட்டை, அதாவது ஐந்து மைல், உள்ளே போனால் ஆத்திமோட்டைக் குடியேற்றம். யாழ்ப்பாணத்தில் காணியில்லாத குடும்பங்கள் வந்து, குளத்துத் தண்ணீரை நம்பி நெல் விதைத்த இடம். அவர்களுக்காகக் காடு வெட்டிய புல்டோசரை ஓட்டியவன் யஹ்யா. வெட்டி முடிந்ததும் புல்டோசர் போய்விட்டது, அவன் போகவில்லை. பக்கத்தில் இருந்த பரிசோதனைப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தான். முல்லைத்தீவிலிருந்து மனைவி மஸீனாவைக் கூட்டி வந்தான். அறுபத்து நாலாம் ஆண்டு வந்தபோது நாலு பிள்ளைகளுக்குத் தகப்பனாக இருந்தான்.

அந்த வருஷம்தான் எஞ்சினியர் பரமலிங்கம் ஆறு மரப்பெட்டிகளோடு பண்ணைக்கு வந்து இறங்கினார். இங்கிலாந்தில் படித்தவர். வயது முப்பத்தைந்து இருக்கும். வேலையில் இறங்கினால் சாப்பாட்டை மறந்துவிடுகிற ரகம். ஆள் ஏறாமல் தானே ஓடி, தானே வழி பார்த்து, முன்னால் ஏதும் நின்றால் தானே நிற்கிற ஓர் உழவு மெசினைச் செய்து காட்ட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. வழி பார்ப்பதற்கு ஒரு சுலபமான உபாயம் வைத்திருந்தார். முன்சில்லு என்கிற முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சில்லு, முன்பு உழுத சாலுக்குள் விழுந்து ஓடும். சால் வளைந்தால் சில்லு வளையும், சில்லு வளைந்தால் ஸ்டியரிங் வளையும். கண் தெரியாதவன் சுவரைத் தடவிக்கொண்டு போகிற மாதிரித்தான்.

கண்தான் கஷ்டமாக இருந்தது. மெசினின் மூக்கில் ஒரு விளக்கைப் பூட்டி, அதற்கு முன்னால் ஓட்டைகள் போட்ட ஒரு தகட்டைச் சுழல விட்டார். அதனால் வெளிச்சம் படபடவென்று துடித்துக்கொண்டு முன்னால் போகும். முன்னால் மாடோ மனிதனோ நின்றால் அந்த வெளிச்சம் பட்டுத் திரும்பி வரும்; விளக்குக்குக் கீழே வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கண் அதைப் பிடிக்கும். வெயில் துடிப்பதில்லை, தன் விளக்கு மட்டும்தான் துடிக்கும், ஆகவே கண் ஏமாறாது. பிடித்த உடனே பெட்டிக்குள் டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், கிளச் விலகி, பிரேக் விழுந்து, எட்டடி தள்ளி மெசின் நின்றுவிடும். இதைச் சரிப்படுத்த ஆனி மாதத்திலிருந்து ஆவணி வரை இரண்டு பேரும் வெயிலில் வெந்தார்கள்.

பரிசோதனைக்குக் கிடைத்த வயல் அப்புத்துரையினுடையது. பண்ணை வேலிக்கு அடுத்த வயல். அப்புத்துரைக்கு ஐம்பது வயது; பிள்ளைகுட்டி இல்லை; மனைவி அன்னபாக்கியமும் அவருமாகக் குடியேற்றத்தில் முதல் குடிசையைப் போட்டவர்கள். ஊரில் பாதிப் பேர் ஆளில்லாத மெசினைப் பேய் பிடித்தது என்று சொல்லித் தள்ளி நின்றபோது, "என்ரை வயலில ஓட்டுங்கோ" என்று வந்தவர் அவர்தான். பின்னேரங்களில் வரம்பிலிருந்து இறங்கி வந்து மெசினுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அது டக்கென்று நின்றதும் அதன் மூக்கில் ஒரு தட்டுத் தட்டுவார்.

"என்ரை மாடுகூட எனக்கு இப்பிடி மரியாதை தந்ததில்லை" என்பார். பிறகு யஹ்யாவைப் பார்த்து, "நீதான் விசரன். உன்ரை சோத்தில நீயே மண்ணை அள்ளிப் போடுறாய். இது பழகிட்டுதெண்டால் உன்னை ஆர் வைச்சிருப்பான்?" என்று சீண்டுவார்.

"அண்ணை, இதுக்குக் கண்ணாடி துடைக்க ஒராள் வேணுமே" என்பான் யஹ்யா.

அந்தக் கண்ணாடி துடைக்கிற வேலை எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆவணிக் கடைசியில் எதிர்பாராமல் ஒரு மழை கொட்டியது. அடுத்த நாள் ஈர வயலில் மெசின் ஓடிக்கொண்டிருந்தபோது, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. நேரே போய் விதைக் கொட்டிலின் வேலியைப் பிய்த்து, மண் சுவரில் முட்டி, சில்லுச் சுற்றிக்கொண்டு நின்றது. நல்லகாலம், அங்கே ஒருவரும் இருக்கவில்லை. பரமலிங்கம் பெட்டியைத் திறந்து வயர் வயராக இழுத்துப் பார்த்தார். மத்தியானம் வரைக்கும் ஒரு பிழையும் அகப்படவில்லை. யஹ்யா குந்தியிருந்து மெசினின் மூக்கைப் பார்த்தான். கண்ணாடி முழுக்கச் சேறு அப்பியிருந்தது.

"ஐயா, ஒண்டு கேக்கட்டோ? முன்னால ஒண்டும் இல்லையெண்டால் வெளிச்சம் திரும்பி வராது. அப்ப இது ஓடும்."

"ஓம்."

"கண்ணில சேறு அப்பினாலும் வெளிச்சம் உள்ளுக்கு வராது. அப்பவும் இது ஓடும்தானே? வெட்டை வெளியா இருக்கிறதும் தனக்குக் கண் தெரியாததும் வேற வேற எண்டு இதுக்கு எப்பிடி விளங்கும்?"

பரமலிங்கம் கையில் இருந்த குறட்டைக் கீழே வைத்தார். அவருடைய முகம் கறுத்துப் போனதை யஹ்யா கண்டான். இவ்வளவு படித்த மனிதர் இதை யோசிக்காமல் விட்டாரே என்று அவனுக்கு ஆச்சரியமாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

"விளங்காது" என்றார் பரமலிங்கம் கடைசியில். "ஒண்டும் தெரியேல்லையெண்டால் ஒண்டும் இல்லையெண்டுதான் இது நினைக்கும். அதை மாத்திறதெண்டால் இன்னொரு கண் வேணும், யஹ்யா. முதல் கண் ஒழுங்கா வேலை செய்யுதோ எண்டு பாத்துக்கொண்டிருக்கிற கண். செய்யலாம். நாலு மாசம் எடுக்கும்."

"அப்ப செய்வமே."

"ஐப்பசியில கொழும்பிலயிருந்து ஆக்கள் பாக்க வருகினம். அதுக்குள்ள ஏலாது. காட்டாட்டி இந்த வேலையை இதோட மூடிப் போடுவினம். அது முடியட்டும், அடுத்த வேலை அதுதான். அதுவரைக்கும் கண்ணாடியைத் துடைக்கிறது உம்மடை பொறுப்பு."

வேலைக் குறிப்பேட்டை எடுத்து அதில் எழுதினார்: ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் கண்ணாடி துடைக்கப்படும், பொறுப்பு: யஹ்யா. அவனிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். யஹ்யா பெருமையோடுதான் கையெழுத்துப் போட்டான். மெசினுக்குள் இருந்த பிழையை அதற்குள்ளேயே வைத்துவிட்டு, அதைச் சுமக்க ஒரு மனிதனைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள் என்று அவனுக்கு அப்போது தோன்றவில்லை. எனக்கு அந்தக் குறிப்பேட்டை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஐப்பசி பிறந்து ஆறாம் நாள் ஜீப்புகள் வந்தன. கொழும்பிலிருந்து பெரியவர்கள் ஏழெட்டுப் பேர், கூடவே ஒரு படம் பிடிக்கிறவர். ஊர் முழுக்க வரம்பில் வரிசையாக நின்றது. யஹ்யா விடியவே குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, மெசினைக் கழுவி, கண்ணாடியை இரண்டு தரம் துடைத்து, கையை நீட்டிப் பரீட்சித்தும் பார்த்துவிட்டான். டக்கென்றது. மனம் நிறைந்தது.

அதற்குப் பிறகுதான் அன்னபாக்கியம் மற்றப் பெண்களோடு தட்டம் ஏந்தி வந்தாள். குடியேற்றத்தில் புதிதாக ஒரு சைக்கிள் வந்தாலும் பொட்டு வைக்காமல் ஏறமாட்டார்கள். மாரி மழையில் தொடங்குகிற காலபோக உழவின் முதல் நாளில் ஏர் இறங்குகிற வயலில், கொழும்பு ஆட்கள் பார்க்கிற மெசினுக்கு வைக்காமல் விடுவார்களா? சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார்கள். செவ்வரத்தம்பூ மாலை போட்டார்கள். தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்தினார்கள். அன்னபாக்கியம் சந்தனத்தைக் குழைத்து, முதலில் மெசினின் நெற்றியில், பிறகு நாலு சில்லிலும், பிறகு இரண்டு பெரிய விளக்கிலும் வைத்துக்கொண்டு வந்தவள், மூக்கடிக்கு வந்து ஒரு கணம் நின்றாள். தன் புருஷன் எத்தனை நாள் வீட்டில் சொல்லியிருப்பார், இதுதான் அதன் கண் என்று. விரல் நிறையச் சந்தனத்தை வழித்து, வட்டக் கண்ணாடியின் நடுவில் அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

யஹ்யா நாலடி தள்ளித் துணியோடு நின்றான். போய் ஒரு இழுப்பில் துடைத்திருக்கலாம். ஆனால் எப்படித் துடைப்பது? கற்பூரம் எரிந்துகொண்டிருக்கிறது. ஊரே கைகூப்பி நிற்கிறது. அவர்களுடைய சாமிக்கு வைத்த சந்தனத்தை, ஒரு சோனகன், கிறீஸ் துணியால், எல்லாரும் பார்த்திருக்க வழித்து எறிவதா? பத்து வருஷம் அந்த ஊரில் ஒரு சொல்லுக்கு இடம் வைக்காமல் இருந்தவன் அவன். அவர்களுடைய கோயில் வாசலால் போகும்போது சைக்கிளை விட்டு இறங்கித்தான் நடப்பான். நோன்புப் பெருநாளுக்கு அவன் வீட்டுப் பலகாரம் அப்புத்துரை வீட்டுக்கும், பொங்கலுக்கு அங்கிருந்து சர்க்கரைப் பொங்கல் இங்கேயும் வரும். இந்தக் காரியத்தை அவன் கை செய்ய ஏலாது. எஞ்சினியரையா செய்தால் ஒருவரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள்; அவர் கையால் துடைக்கட்டும் என்று அவரிடம் ஓடினான்.

பரமலிங்கம் கொழும்புப் பெரியவரோடு இங்கிலீசில் கதைத்துக்கொண்டிருந்தார். வேர்த்து ஊற்றியது அவருக்கு.

"ஐயா, கண்ணாடி..."

"துடைச்சாச்சோ?"

"துடைச்சனான், ஐயா. ஆனா பிறகு..."

"துடைச்சாச் சரி. போய் ஸ்டார்ட் பண்ணும்" என்றுவிட்டு மற்றப் பக்கம் திரும்பிவிட்டார்.

யஹ்யா திரும்பி வந்தான். அன்னபாக்கியம் தட்டத்தோடு எதிரே வந்தாள்.

"அக்கா, அந்தக் கண்ணில வைச்ச பொட்டு..."

"வடிவா வந்திருக்கோ, தம்பி?" என்று கேட்டாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தன் வயலில், தன் புருஷனுடைய வயலில், இவ்வளவு பெரியவர்கள்.

"ஓம் அக்கா. வடிவாயிருக்கு" என்றான் அந்தப் பாவி.

மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டான். நிகழ்ச்சி நிரல் அவனுக்குத் தெரியும். முதல் ஓட்டம் வெறும் உழவுதான், முன்னால் ஒருவரும் நிற்பதில்லை. அந்தக் கரைக்குப் போனதும் அவன் திருப்புவான். அங்கே ஊர்ச்சனம் இல்லை. அங்கே வைத்துத் துடைத்துவிடலாம். இரண்டாம் ஓட்டத்தில்தான் அப்புத்துரை முன்னால் நிற்பது. யாருக்கும் மனவருத்தம் இல்லாமல் முடிந்துவிடும். நல்ல கணக்குத்தான். அவன் மெசினை ஸ்டார்ட் பண்ணி விட்டுவிட்டு, கடைசி வரம்புக்கு முன்கூட்டியே போய்க் காத்து நின்றான். பக்கத்தில் கூடவே நடக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தான். படம் பிடிக்கிறவர், ஆளில்லாத மெசினுக்குப் பக்கத்தில் ஆள் நின்றால் படத்துக்கு என்ன மதிப்பு என்று கத்தி அவனை அங்காலே கலைத்துவிட்டார்.

மெசின் தானே வந்தது. சனம் ஆவென்று பார்த்தது. வானம் வடக்கே கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன் போய்விட வேண்டும் என்று பெரியவர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பரமலிங்கத்திடம் ஏதோ சொன்னார். பரமலிங்கம் வரம்பில் நின்ற அப்புத்துரையைப் பார்த்துக் கையைக் காட்டினார். இறங்குங்கோ என்று.

அப்புத்துரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்கினார். சாலுக்கு நேரே போய், மெசினுக்கு முன்னால் முப்பது அடி தள்ளி, எப்போதும் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

யஹ்யாவுக்குக் கண் இருண்டது. "அண்ணை! விலகு, அண்ணை!" என்று கத்திக்கொண்டு ஓடினான். உழுத சேற்றில் முழங்கால் வரை புதைந்தது. எஞ்சின் சத்தத்தில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. அப்புத்துரை அவன் ஓடி வருவதைக் கண்டு, பயப்படாதே என்கிற மாதிரி ஒரு கையை அசைத்தார். படம் பிடிக்கிறவர் இங்கே பாருங்கோ என்றதும் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்தார்.

மனிதன் நடக்கிற வேகம்தான் அந்த மெசினுக்கு. அதை நினைத்தால்தான் தாங்க ஏலாமல் இருக்கிறது. எட்டடியில் நிற்க வேண்டியது நிற்கவில்லை. ஆறடியில் நிற்கவில்லை. மூன்றடியில் அப்புத்துரை திரும்பிப் பார்த்தார். காலைத் தூக்கினார், சேறு விடவில்லை. மல்லாந்து விழுந்தார். முன்சில்லு ஏறியது, அதற்குப் பிறகு பெரிய சில்லு ஏறியது. யஹ்யா போய் ஏறி எஞ்சினை நிறுத்தும்போது கலப்பையும் அவரைத் தாண்டிவிட்டிருந்தது.

சனம் எல்லாம் அலறிக்கொண்டு ஓடிவந்து அவரைச் சுற்றிக்கொண்டது. யஹ்யா மெசினுக்கு முன்னால் போனான். ஏன் போனான் என்று பிறகு அவனுக்கே தெரியவில்லை. இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தான். சந்தனம் முழுவதும் வழிந்து துணியில் வந்தது. பற்றரியில் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பெட்டிக்குள் அப்போதுதான் டக்கென்று சத்தம் கேட்டது. அவனைக் கண்டுவிட்டது. யஹ்யா அப்படியே சேற்றில் குந்திவிட்டான். பரமலிங்கம் வந்து அவன் கையிலிருந்த மஞ்சள் துணியைப் பார்த்தார். பார்த்துவிட்டு அதை வாங்கித் தன் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் மரண விசாரணை என்று அறிவித்தார்கள். அதற்கு முதல் நாள் பின்னேரம் பரமலிங்கம் யஹ்யாவின் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்கச் சொன்னதற்கு இருக்கவில்லை. இரண்டு நாளும் நித்திரை கொள்ளாத முகம்.

"நாளைக்கு உம்மைக் கேப்பினம், கண்ணாடி துடைச்சதோ எண்டு. குறிப்பேடு பொலிசிட்டப் போயிட்டுது. உம்மடை கையெழுத்து இருக்கு" என்றார்.

"தெரியும், ஐயா."

"நடந்ததைச் சொல்லும். துடைச்சனான், அதுக்குப் பிறகு பொம்பிளையள் சந்தனம் வைச்சிட்டினம் எண்டு சொல்லும். துணியை நான் குடுக்கிறன். அது சாமிக்காரியம், வேணுமெண்டு செய்த பிழை இல்லை. ஒருத்தரும் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணத் தேவையில்லை."

"அந்த அக்கா, ஐயா?"

பரமலிங்கம் நிலத்தைப் பார்த்தார். "உண்மையைத்தானே சொல்லப்போறம்" என்றார்.

அவர் போன பிறகு மஸீனா குசினிக்குள்ளிருந்து வந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள். இரண்டு நாளாக அவள் சொல்வதும் அதுதான்.

"இஞ்ச பாருங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ. நாலு குஞ்சுகளை வைச்சுக்கொண்டு நான் எங்க போறது? நீங்களோ அந்தச் சந்தனத்தை வைச்சீங்கள்?"

"கண்டனான், மஸீனா. கண்டும் துடைக்கேல்ல."

"பயத்திலயோ துடைக்கேல்ல? அவையளுக்கு மரியாதை குடுத்துத்தானே துடைக்கேல்ல. அல்லாஹ்வுக்குத் தெரியும்."

யஹ்யா தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தான். அவள் சொல்வதில் ஒரு பிழையும் இல்லை. சொல்லிவிட வேண்டியதுதான் என்று தீர்மானித்தான். அந்தத் தீர்மானத்தோடுதான் அடுத்த நாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் போனான். ஆணையாகச் சொல்கிறேன், வேறு நினைப்பு அவனிடம் இருக்கவில்லை.

பள்ளிக்கூட மண்டபத்தில் விசாரணை அதிகாரி மேசை போட்டு இருந்தார். பரமலிங்கம் முதலில் சாட்சி சொன்னார். கண் எப்படி வேலை செய்யும், ஏன் கண்ணாடி துடைக்கப்பட வேண்டும், அதற்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் விளக்கினார். அன்னபாக்கியம் முன் வரிசை வாங்கில் வெள்ளைச் சீலையோடு தன் தமையனுக்குப் பக்கத்தில் இருந்தாள். விளங்காத கதையென்றாலும் ஒரு சொல்லையும் விடாமல் கேட்டாள். கண்ணாடியில் ஏதும் படிந்தால் மெசினுக்கு ஆள் தெரியாது என்று பரமலிங்கம் சொன்ன இடத்தில் மட்டும் அவள் நெற்றி சுருங்கியது.

யஹ்யாவைக் கூப்பிட்டார்கள்.

"ஓட்டத்துக்கு முதல் கண்ணாடி துடைச்சனீரோ?"

"விடியத் துடைச்சனான், ஐயா."

"பிறகு அதில ஏதும் இருந்ததோ?"

"இருந்தது."

"என்ன இருந்தது?"

யஹ்யா வாயைத் திறந்தான். அப்போது அவன் அன்னபாக்கியத்தைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்துவிட்டான். அவள் வாங்கின் நுனிக்கு வந்து, கழுத்தை நீட்டி, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் புருஷனைக் கொன்றது எது என்று தெரிந்தால் போதும் என்கிற தவிப்பு மட்டும்தான் அந்த முகத்தில் இருந்தது. ஒரு சொல் சொன்னால் அவள் ஆயுள் முழுக்க அந்தச் சொல்லோடுதான் எழும்ப வேண்டும், படுக்க வேண்டும்.

"சேறு, ஐயா. பொட்டைத் துடைச்சாப் பிறகு பட்ட சேறு" என்றான் யஹ்யா.

பரமலிங்கத்தின் தலை சட்டென்று நிமிர்ந்தது. அவர் கை காற்சட்டைப் பையின் மேல் போனது. மண்டபத்தில் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் எழும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சந்தனம் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் வேண்டாமென்றால், பிழை என்ரை மெசினில இருந்தது, எனக்கு ஒரு மாசத்துக்கு மேலாகத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கவனயீனம் என்று எழுதினார்கள். வவுனியாக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவதற்காகப் பொலிசுக்காரன் யஹ்யாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தான். ஜீப் மரத்தடியில் நின்றது. மஸீனா கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே நின்றாள். அவளுக்குச் சேறு என்ற சொல் சன்னலால் கேட்டிருந்தது. அவள் உதடு துடித்துக்கொண்டிருந்ததை யஹ்யா கண்டான்.

பின்னால் அன்னபாக்கியம் வந்தாள். தமையன் பிடித்த கையை உதறிவிட்டு வந்தாள்.

"சேறு இருந்தது உனக்குத் தெரியுமோ?"

"தெரியும் அக்கா."

"துடைக்காட்டி மெசின் நிக்காதெண்டும் தெரியுமோ?"

"தெரியும்."

"பிறகு ஏன் துடைக்கேல்ல, தம்பி?"

இந்தக் கேள்வியை அவன் யோசித்திருக்கவில்லை. சந்தனத்தைத் துடைக்காததற்கு அவனிடம் ஆயிரம் காரணம் இருந்தது. சேற்றைத் துடைக்காததற்கு மனிதனிடம் என்ன காரணம் இருக்கும்? அவள் விடவில்லை. அவளுக்குப் பதில் வேண்டும்.

"பஞ்சியில, சோம்பல்ல விட்டிட்டன், அக்கா" என்றான்.

"பஞ்சியிலயோ" என்று அன்னபாக்கியம் மெதுவாகக் கேட்டாள். "ஒரு துணியை எடுத்துத் துடைக்கப் பஞ்சியோ. யஹ்யா நிக்கிறான், எனக்கென்ன பயம் எண்டு சொல்லிப்போட்டெல்லோ அந்த மனுசன் வீட்டால வெளிக்கிட்டது."

குனிந்து நிலத்து மண்ணை இரண்டு கையாலும் அள்ளினாள். அவன்மேல் தூற்றினாள். "நீ விளங்கமாட்டாய். உன்ரை குடி விளங்காது" என்று மறுபடியும் அள்ளினாள், மறுபடியும் தூற்றினாள். மண் அவன் தலையிலும் வெள்ளைச் சேட்டிலும் விழுந்தது. பொலிசுக்காரன் மேலும் விழுந்தது. ஒருவரும் தடுக்கவில்லை.

மஸீனா பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். யஹ்யா அவளைப் பார்த்தான், கண்ணால் கெஞ்சினான். மூன்று நாளாக உண்மையைச் சொல், உண்மையைச் சொல் என்று உயிரை எடுத்தவள். இப்போது அவள் தலைமேலும் சாபம் விழுந்திருக்கிறது. அவள் சொல்லிவிட்டால் ஒருவரும் அவளைக் குற்றம் சொல்ல ஏலாது.

மஸீனா அன்னபாக்கியத்துக்கு நேரே வந்து நின்றாள். மண் ஒட்டிய அந்த இரண்டு கையையும் பார்த்தாள்.

"அக்கா, எங்களை மன்னிச்சுக் கொள்ளுங்கோ" என்றாள்.

அன்னபாக்கியம் அவளையும் இடுப்பில் இருந்த பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உன்ரை மனுசன் மறியலுக்குப் போனாலும் ஒரு நாளைக்குத் திரும்பி வருவான்" என்றாள்.

"ஓம் அக்கா" என்றாள் மஸீனா.